எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின் வீட்டில் நர்ஸ்: சென்னைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவரை இப்போதெல்லாம் அதே நாளிலோ மறுநாளிலோ வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாட்களில் வீட்டுக்கும் அனுப்பிவிடுகிறார்கள். தையல் பிரிக்க இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும். இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி பாதி மிச்சமிருக்கும். வீக்கம் வடிந்திருக்காது. வார்டில் மூன்று ஷிப்ட் நர்சுகளும் ஒரு பிசியோதெரபிஸ்டும் பங்குபோட்டுப் பார்த்த வேலை அத்தனையும் அம்பத்தூரிலோ பள்ளிக்கரணையிலோ உள்ள இரண்டு படுக்கையறை வீட்டுக்குள் ஒரே நாளில் வந்து சேர்கிறது.

அந்தப் பதற்றத்தில் பல குடும்பங்கள் முதலில் செய்வது, யாரோ தந்த எண்ணுக்கு அழைத்து “ஒரு ஹோம் நர்ஸ் வேண்டும், நாளைக்கே அனுப்புங்கள்” என்று சொல்வதுதான். வருபவர் என்ன படித்தவர், எதைச் செய்யத் தெரிந்தவர் என்பதெல்லாம் அவர் வந்து பையை வைத்த பிறகே தெரியவருகிறது. ஆர்த்தோ வார்டிலும் பிறகு வீடுகளிலும் நர்சாக வேலை பார்த்தவள் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஆளைத் தேடும் முன் வேலைகளை எழுதுங்கள். நோயாளியைப் படுக்கையில் சௌகரியமாக வைத்திருக்க ஒருவரை அமர்த்துகிறோம் என்று எண்ணிவிடாதீர்கள். நாளுக்கு நாள் அவரைத் தானாக எழ வைப்பதற்குத்தான் நர்ஸ் வருகிறார். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கணக்கில் எழுதியவை.

படி 1: டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கியதும் பில் கவுண்டருக்கு ஓடாதீர்கள். டியூட்டி டாக்டரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து வரிவரியாகக் கேளுங்கள்.

முதல் கேள்வி, காலில் எவ்வளவு எடை வைக்கலாம் என்பது. முழு எடையா, பாதி எடையா, பாதத்தைத் தரையில் தொடுவதோடு சரியா, அல்லது ஊன்றவே கூடாதா? மூட்டு மாற்று செய்தவர்களில் பெரும்பாலோர் முழு எடை வைக்கலாம். தொடை எலும்பில் பிளேட்டோ கணுக்காலில் ஸ்குரூவோ போட்டவர்களுக்குப் பல வாரம் ஊன்றவே தடை இருக்கலாம். இந்த ஒரு வரி தெளிவாக இல்லாவிட்டால் வீட்டுக்கு வரும் நர்சால் நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்கக்கூட முடியாது.

அடுத்து, இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து. ஊசியா மாத்திரையா, எந்தத் தேதி வரை? இடுப்பு மூட்டு மாற்று செய்தவர்களுக்கு இது ஐந்து வாரம் வரைகூட நீளும், முழங்காலுக்குப் பொதுவாக இரண்டு வாரம். “தீர்ந்ததும் நிறுத்திவிடுங்கள்” என்ற பதிலை ஏற்காதீர்கள், முடியும் தேதியை எழுதி வாங்குங்கள். அதோடு தையல் அல்லது ஸ்டேப்பிள் பிரிக்கும் தேதி (பொதுவாக 10 முதல் 14 நாளுக்குள்), டிரெஸ்ஸிங்கை எப்போது யார் மாற்றுவது, எப்போது குளிக்கலாம், சர்க்கரை மற்றும் இரத்த அழுத்த மாத்திரைகளில் எது மாறியிருக்கிறது, இரவு இரண்டு மணிக்குச் சந்தேகம் வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்பவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர்க் குழாய் இன்னும் இருந்தால், ஏன் இருக்கிறது என்று கேளுங்கள். காரணமில்லாமல் வீடு வரை வரும் குழாய் கிருமித் தொற்றுக்கு வழி.

முடிந்தால் வீட்டில் கவனிக்கப்போகும் நபரை டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளே வார்டுக்கு வரச் சொல்லுங்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை வார்டு பிசியோதெரபிஸ்ட் முன்னால் அவர் ஒருமுறை செய்து பார்க்கட்டும். எத்தனை காகிதம் எழுதி வாங்கினாலும் இந்த அரை மணி நேரத்துக்கு ஈடாகாது.

படி 2: நர்ஸா, அட்டெண்டரா, பிசியோதெரபிஸ்டா?

சென்னையில் “ஹோம் நர்ஸ்” என்ற பெயரில் இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் ஏ.என்.எம். (இரண்டு ஆண்டு), ஜி.என்.எம். (மூன்று ஆண்டு) அல்லது பி.எஸ்சி. நர்சிங் (நான்கு ஆண்டு) படித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர். மற்றவர் அட்டெண்டர் அல்லது கேர்டேக்கர். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, பெட்பேன் வைப்பது, நடக்கும்போது பிடித்துக்கொள்வது இவரது வேலை. இவர்களில் அருமையான கைப்பழக்கம் உள்ளவர்கள் பலர். ஆனால் ஊசி போடுவது, காயத்துக்கு டிரெஸ்ஸிங் செய்வது, இன்சுலின் அளவு பார்ப்பது, குழாய் பராமரிப்பது இவர்களிடம் விடக்கூடாத வேலைகள். அட்டெண்டருக்கான கட்டணத்தில் நர்ஸ் வேலையையும் செய்யச் சொல்வது நோயாளிக்கு ஆபத்து, அந்தப் பெண்ணுக்கும் அநியாயம்.

எழுதி வைத்த வேலைப் பட்டியலை இப்போது எடுத்துப் பாருங்கள். அறுபது வயதைத் தாண்டிய, மற்றபடி ஆரோக்கியமான ஒருவர் ஒரு முழங்காலுக்கு அறுவை செய்துகொண்டிருந்தால், 24 மணி நேர நர்ஸ் அவருக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. முதல் இரண்டு வாரம் பகலிலோ இரவிலோ ஒரு அட்டெண்டர், ஊசிக்கும் டிரெஸ்ஸிங்குக்கும் வந்துபோகும் நர்ஸ், முறையாக வரும் பிசியோதெரபிஸ்ட் போதும். மிச்சப்படும் பணத்தைப் பிசியோதெரபிக்குச் செலவிடுங்கள். மூட்டு மடங்குவதும் நீள்வதும் அதில்தான் இருக்கிறது.

குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த எண்பது வயதுப் பாட்டியின் கதை வேறு. சர்க்கரை நோய், கொஞ்சம் மறதி, இதயத்துக்கு மாத்திரை என்று எல்லாம் சேர்ந்திருக்கும். அவருக்கு முதல் வாரம் இரவும் பகலும் படித்த நர்ஸ் இருப்பது நல்லது. நிலைமை சீரானதும் அட்டெண்டருக்கு மாறிக்கொள்ளலாம்.

முதுகெலும்பு அறுவை செய்தவரைத் திருப்பும்போது தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும், மரக்கட்டையை உருட்டுவதுபோல. இதற்கு இரண்டு பேர் வேண்டும். காலுக்கு வெளியே கம்பிச்சட்டம் பொருத்தப்பட்டவருக்குக் கம்பி நுழையும் ஒவ்வொரு இடத்தையும் தினமும் பார்க்கத் தெரிந்த நர்ஸ் வேண்டும்.

படி 3: ஏஜென்சியிடம் பேசுவது

நர்ஸ் என்று அனுப்பினால் தமிழ்நாடு நர்சஸ் அண்டு மிட்வைவ்ஸ் கவுன்சிலின் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். வேறு மாநிலத்தில் படித்தவர் என்றால் அந்த மாநிலப் பதிவையாவது காட்டட்டும். ஆதார் நகல், காவல்துறைச் சரிபார்ப்பு, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பற்றியும் கேட்பதில் தயக்கம் வேண்டாம். நல்ல ஏஜென்சி இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது.

“எலும்பு அறுவை நோயாளியைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று வருபவரிடமே கேளுங்கள். “பார்த்திருக்கிறேன்” என்றால், இடுப்பு மாற்று செய்தவரை எப்படிப் படுக்க வைப்பீர்கள் என்று கேளுங்கள். கால்களுக்கு நடுவே தலையணை வைப்பேன் என்று தயங்காமல் சொல்பவரை நம்பலாம்.

பணம் பற்றியவை எல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும்: ஒரு நாள் கட்டணம், பதிவுக் கட்டணம், முன்பணம், அது திரும்ப வருமா, பாதியில் நிறுத்தினால் என்ன கணக்கு, விடுப்பு எடுத்தால் எத்தனை மணி நேரத்துக்குள் மாற்று ஆள். நாம் கொடுப்பதில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது என்றும் நான் கேட்பேன். அதில் பாதிகூடப் போகாத இடங்களில் ஆட்கள் நிலைப்பதில்லை. வாரத்துக்கு ஒரு புது முகம் வந்தால் வயதானவர்கள் மிகவும் குழம்பிப்போகிறார்கள்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்றால் அவர் எங்கிருந்து வருகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். திருவள்ளூரிலிருந்தோ கும்மிடிப்பூண்டியிலிருந்தோ மின்சார ரயிலில் வருபவரை இரவு ஒன்பதரைக்கு விடுவித்தால் அவர் வீடு சேர நள்ளிரவாகிவிடும். மறுநாள் காலை கண்ணெரிச்சலோடு வந்து உங்கள் அம்மாவைப் பிடித்து நடக்க வைப்பவரும் அவர்தான்.

மொழியும் முக்கியம். வடகிழக்கிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே நல்ல மனதோடு வேலை செய்யும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் நம் பெரியவர்கள் வலியைச் சொல்லும் விதம் நுட்பமானது: கடுக்கிறது, குத்துகிறது, தெறிக்கிறது, எரிகிறது, மரத்துப்போகிறது. அறுவை செய்த காலில் “கடுக்கிறது” என்றால் பெரும்பாலும் ஐஸ் வைக்கும் விஷயம். “பாதம் மரத்துப்போய் விரலை அசைக்க முடியவில்லை” என்றால் உடனே டாக்டரை அழைக்கும் விஷயம். தமிழ் தெரியாதவர் வந்தால் இந்தச் சொற்களை அவர் மொழியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

படி 4: வீட்டைத் தயார்செய்வது

அளவு நாடாவோடு தொடங்குங்கள். பழைய அடுக்குமாடிகளில் குளியலறைக் கதவு மிகக் குறுகலாக இருக்கும். வாக்கர் அதில் நுழையவில்லை என்பதை நோயாளி வந்து நின்ற பிறகு கண்டுபிடிப்பது கொடுமை. நுழையாவிட்டால் முதல் சில வாரங்களுக்குக் கட்டிலருகிலேயே கமோடு நாற்காலி வையுங்கள். இந்தியக் கழிப்பறை மட்டுமே உள்ள வீட்டில் அதற்கு மேல் வைக்கும் ஸ்டாண்டு கிடைக்கிறது. குந்தி உட்காருவதும் தரையில் சம்மணமிடுவதும் மூட்டு மாற்றியவருக்கு ஆகாது.

கட்டில், நாற்காலி, கமோடு மூன்றுக்கும் ஒரே விதிதான்: உட்காரும்போது பாதம் தரையில் முழுதாகப் படிய வேண்டும், இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். ஆழமாக அமுங்கும் சோபாவில் உட்கார வைக்காதீர்கள். மடக்கித் திருப்பும் ஆஸ்பத்திரிக் கட்டில், ஏர் பெட், சக்கர நாற்காலி போன்றவை வாடகைக்கே கிடைக்கின்றன. சில வாரத் தேவைக்கு விலை கொடுத்து வாங்க வேண்டாம். வாங்கியே ஆக வேண்டிய வாக்கர், கமோடு நாற்காலி போன்றவற்றுக்குப் பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெரு சர்ஜிகல் கடைகளில் விலை விசாரித்துவிட்டுப் பிறகு வாங்குங்கள்.

மிதியடிகளை எடுத்துவிடுங்கள். குளியலறையில் கைப்பிடிக் கம்பியைச் சுவரில் துளையிட்டுப் பொருத்துங்கள். உறிஞ்சி ஒட்டும் வகையை நம்பி எடையைப் போடாதீர்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மணி இருக்கட்டும்.

லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீடுகள் மேற்கு மாம்பலத்திலும் திருவல்லிக்கேணியிலும் ஏராளம். மூட்டு மாற்று போன்ற முன்கூட்டியே தேதி குறிக்கும் அறுவை என்றால், முதல் மாதத்துக்குத் தரைத்தளத்தில் உள்ள உறவினர் வீட்டைக் கேட்பதில் கௌரவம் பார்க்காதீர்கள்.

தேதி உங்கள் கையில் இருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற நீர் தேங்கும் பகுதிகளில் தரைத்தளத்தில் இருப்பவர்கள் நவம்பர், டிசம்பரில் அறுவை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் மின்சாரம் இல்லாமல், தெருவில் இறங்க முடியாமல் படுக்கையாளிகளோடு தவித்த குடும்பங்களை இந்த ஊர் மறந்திருக்காது. எலும்பு முறிவு தேதி பார்த்து வராது. மழைக்காலத்தில் அப்படி நேர்ந்துவிட்டால் இரண்டு வார மருந்து, டிரெஸ்ஸிங் பொருட்கள், இன்வெர்ட்டர், தங்கியே பார்க்கும் ஆள் ஆகியவற்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

படி 5: முதல் நாளும் ஒரு நோட்டும்

நர்ஸ் வந்ததும் டிஸ்சார்ஜ் சம்மரியை அவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு சாதாரண நோட்டில் மருந்து கொடுத்த நேரம், காய்ச்சல், இரத்த அழுத்தம், சர்க்கரை, வலி பத்துக்கு எத்தனை, எத்தனை முறை நடந்தார், மலம் சிறுநீர் போனாரா, காயம் எப்படி இருந்தது என்று எழுதி வரட்டும். ஷிப்ட் மாறும்போது இந்த நோட்டை வைத்துத்தான் பேச வேண்டும். ரிவியூவுக்குப் போகும்போது சர்ஜன் முன்னால் இதை வைத்தால் கால் மணி நேரப் பேச்சு மிச்சம்.

நாளின் ஓட்டத்தைப் பயிற்சியைச் சுற்றி அமையுங்கள். வலி மாத்திரையைப் பிசியோதெரபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன் கொடுத்தால் காலை மடக்குவது பாதி எளிதாகிவிடும். “மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும்” என்று பயந்து வலியைப் பொறுத்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு மூட்டு இறுகிப்போகிறது. சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ஆகாது என்பது உண்மைதான். அதற்காகவே டாக்டரிடம் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை அளவைக் காட்டி எது பாதுகாப்பானது என்று கேட்க வேண்டும். பாராசிட்டமால் பல கூட்டு மாத்திரைகளில் ஒளிந்திருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டவே கூடாது, வயதானவர்களுக்கு அதிலும் குறைவு. டிரமடால் என்ற வலி மருந்து தலைசுற்றலும் மலச்சிக்கலும் தரும். அது ஓடும் நாட்களில் தனியாக எழ விடாதீர்கள்.

இரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் எனாக்சபாரின் ஊசியில் நான் அடிக்கடி பார்த்த தவறுகள் இரண்டு. சிரிஞ்சில் உள்ள சிறு காற்றுக்குமிழை வெளியேற்றிவிடுகிறார்கள். முன்பே நிரப்பி வரும் சிரிஞ்சில் அதைத் தொடக்கூடாது. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கிறார்கள். தேய்த்தால் இரத்தம் கட்டும். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, ஒரு நாள் இடப்பக்கம், மறுநாள் வலப்பக்கம், தோலை மடித்துப் பிடித்து நேராகக் குத்த வேண்டும். பயன்படுத்திய ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, ரிவியூவுக்குப் போகும்போது மருத்துவமனையில் ஒப்படையுங்கள். மாநகராட்சிக் குப்பைத்தொட்டியில் போட்டால் அது தூய்மைப் பணியாளரின் கையில் குத்தும்.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பாதத்தை மேலும் கீழும் பத்துப் பன்னிரண்டு முறை அசைக்கச் சொல்லுங்கள். கெண்டைக்காலில் இரத்தம் தேங்காமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை. அதே காரணத்துக்காக ஒரு எச்சரிக்கை: எண்ணெய் காய்ச்சிக் கெண்டைக்காலை நீவிவிடாதீர்கள். அங்கே இரத்தக்கட்டி இருந்தால் நீவுவதால் அது கழன்று நுரையீரலுக்குப் போகலாம். காயம் ஆறும் முன் பச்சிலைக் கட்டு, மஞ்சள் பற்று, பவுடர் எதுவும் அருகில் வரக்கூடாது.

எழ முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்து முதுகின் அடிப்பகுதி, குதிகால், இடுப்பின் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு வெளுக்காமல் இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். ஏர் பெட் இருந்தாலும் திருப்பாமல் இருக்க முடியாது.

படி 6: படுப்பது, எழுவது, நடப்பது

முழங்கால் மாற்றியவருக்கு முட்டிக்குக் கீழே தலையணை வைக்காதீர்கள். சுகமாக இருக்கும், நோயாளியே கெஞ்சிக் கேட்பார், ஆனால் முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்குக் கீழே வைத்து முட்டி தானாக நீள விடுங்கள். மடக்குவதில் காட்டும் அக்கறையை நீட்டுவதிலும் காட்டுங்கள். முழுதாக நீளாத காலோடு நடப்பவர் வாழ்நாள் முழுக்கத் தாங்கித் தாங்கித்தான் நடப்பார். துணி சுற்றிய ஐஸ் பையைப் பதினைந்து இருபது நிமிடம், நாளில் சில முறை வைக்கலாம். காலை மடக்கி நீட்டும் சிபிஎம் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கச் சொன்னால் சர்ஜனைக் கேட்டு முடிவெடுங்கள். நோயாளி தன் தசையால் செய்யும் பயிற்சிக்கு அது ஈடாகாது.

இடுப்பு மூட்டைப் பின்பக்கமாகத் திறந்து மாற்றியிருந்தால் முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் மூன்று தடைகள்: இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்கக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக்கூடாது. கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியைக் குனிந்து எடுப்பதில்தான் மூட்டு நழுவும். எந்தப் பக்கமாகத் திறந்தார்கள் என்பதைச் சர்ஜனிடம் கேட்டு நர்சுக்குச் சொல்லுங்கள்.

கட்டிலிலிருந்து எழும்போது முதலில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்காரட்டும். தலைசுற்றவில்லை என்றால் நிற்கட்டும். நடக்கும்போது வாக்கர் முதலில், பிறகு அறுவை செய்த கால், கடைசியாக நல்ல கால். நர்ஸ் நிற்க வேண்டிய இடம் அறுவை செய்த பக்கம், அரை அடி பின்னால். கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடிக்க வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.

விழுவது பெரும்பாலும் இரவில், கழிப்பறைக்கு அவசரமாகப் போகும்போது. நர்ஸ் அசந்து தூங்குகிறாரே, எதற்கு எழுப்புவது என்று பெரியவர்கள் தாமாகவே எழுந்துவிடுவார்கள். எழுப்பினால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நீங்களும் நர்சும் சேர்ந்தே சொல்ல வேண்டும்.

படி 7: சாப்பாடு

“பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், முட்டை ஆகாது, உருளைக்கிழங்கு வாயு” என்று பத்தியம் போட்டு இரசஞ்சோறும் இட்லியுமாகக் கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இதைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். வெட்டிய தசையும் தோலும் புரதத்தால்தான் ஒட்டுகின்றன. சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது தினமும் வேண்டும்: முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், தயிர். ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும் விரும்பினால் சாப்பிடட்டும், இவற்றோடு சேர்த்து. வெயில் காலத்தில் தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, குழப்பம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கழிப்பறைக்குப் போக அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாரா என்று கவனியுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

படி 8: எப்போது பயப்பட வேண்டும்

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், நினைவு தப்புவது: யாரையும் கேட்காமல் 108-ஐ அழையுங்கள். கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் வலியும், பாதம் குளிர்ந்து வெளுப்பது, விரல் அசையாதது, “டக்” என்ற சத்தத்துக்குப் பின் கால் குட்டையாகத் தெரிவது, கறுத்த மலம்: உடனே மருத்துவமனை. காயத்திலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தாலோ, சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ சர்ஜனின் குழுவைத்தான் அழைக்க வேண்டும். தெருமுனைக் கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் உள்ளே இருக்கும் தொற்று மறைந்து நின்று பிறகு பெரிதாகக் கிளம்பும். முதல் ஓரிரு நாட்களின் இலேசான காய்ச்சல் பொதுவானது. கால் வீக்கமும் பல வாரம் மாலையில் கூடி, காலையில் குறைந்து வரும்.

வயதானவர் திடீரென்று, குறிப்பாக மாலையில், இடம் தெரியாமல் பேசுவது, இறந்துபோனவரைக் கூப்பிடுவது, குழாயைப் பிடுங்குவது பார்த்து வீடே கலங்கிவிடும். “புத்தி பேதலித்துவிட்டது” என்று முடிவு கட்டாதீர்கள். சோடியம் குறைவு, சிறுநீர்த் தொற்று, வலி, மருந்து, தூக்கமின்மை என்று காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரியாகும். டாக்டரிடம் அன்றே சொல்லுங்கள். கண்ணாடியும் காதுக்கருவியும் போட்டுவிடுங்கள், பகலில் சன்னல் திறந்திருக்கட்டும், தெரிந்த முகம் அருகில் இருக்கட்டும். கட்டிப்போடவோ அதட்டவோ வேண்டாம்.

படி 9: வந்திருப்பவரையும் கவனியுங்கள்

நர்சோ அட்டெண்டரோ உங்கள் வீட்டுப் பாத்திரம் கழுவ வந்தவர் இல்லை. நோயாளியின் உணவு, உடை, படுக்கை அவர் பொறுப்பு, குடும்பத்தின் சமையல் அவர் பொறுப்பில்லை. தங்கிப் பார்ப்பவருக்கு நாளில் தொடர்ச்சியாக ஆறு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். அந்த நேரத்துக்கு வீட்டிலிருந்து ஒருவர் முறை போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சாப்பிடும் அதே சாப்பாடு, தாழிடக்கூடிய ஓர் இடம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். வீட்டில் கேமரா இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள், உடை மாற்றும் இடத்தை நோக்கி அது இருக்கக்கூடாது. ஆண் நோயாளியோ வீட்டு ஆண்களோ அத்துமீறினால் அவர் யாரிடம் சொல்லலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். “சிஸ்டர்” என்றோ “அம்மா” என்றோ பெயரோடு சேர்த்தோ கூப்பிடுங்கள், “ஏய்” என்று கூப்பிடும் வீட்டில் நல்ல ஆள் தங்கமாட்டார்.

அதே கண்டிப்பு மறுபக்கமும் வேண்டும். நோயாளியின் உடம்பில் புதுக் காயம், அவர் அந்த நபரைக் கண்டதும் ஒடுங்குவது, நோட்டில் எழுதியதற்கும் மாத்திரை அட்டையில் மீதமிருப்பதற்கும் கணக்கு ஒத்துவராதது ஆகியவற்றைக் கண்டால் அன்றே ஆளை மாற்றுங்கள். தினமும் கால் மணி நேரமாவது நோயாளியோடு தனியாக உட்கார்ந்து பேசினால்தான் இவை தெரியவரும்.

படி 10: குறைத்துக்கொண்டே வருவது

முதல் வாரம் இரவும் பகலும் ஆள் இருந்தால், தையல் பிரித்ததும் ஒரு ஷிப்டை நிறுத்தலாமா என்று பாருங்கள். தானாகக் கட்டிலிலிருந்து எழுகிறாரா, வாக்கரோடு கழிப்பறைக்குப் போய் வருகிறாரா, மாத்திரையைத் தானே எடுத்துக்கொள்கிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் நாளில் சில மணி நேரத்துக்கு மட்டும் வரச் சொல்லுங்கள். சட்டைப் பொத்தானைக்கூட அட்டெண்டரே போட்டுவிடுகிறார் என்றால் அன்பாகவே தடுத்து நிறுத்துங்கள். நேரமானாலும் அவரே போடட்டும்.

செலவைப் பொறுத்தவரை, பெரும்பாலான காப்பீட்டு பாலிசிகள் அட்டெண்டர் கட்டணத்தையும் தனி நர்ஸ் கட்டணத்தையும் வாக்கர் போன்றவற்றையும் தருவதில்லை. ஆனால் டிஸ்சார்ஜுக்குப் பின் குறிப்பிட்ட நாட்கள் வரை, பல பாலிசிகளில் 60 அல்லது 90 நாள், மருந்துக்கும் பரிசோதனைக்கும் தருகின்றன. டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் பிசியோதெரபிக்கும் கேட்டுப் பாருங்கள். பில்களைப் பத்திரப்படுத்துங்கள். கையில் பணம் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபியும் அடக்கம். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியக் கேளுங்கள். கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567.

வாடகைக் கட்டிலைத் திருப்பி அனுப்பும்போது முன்பணத்தை மறக்காமல் வாங்குங்கள். குளியலறைக் கைப்பிடியையும் இரவு விளக்கையும் கழற்றாதீர்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்தே எலும்பு முறிந்தவர் என்றால் எலும்பு மெலிந்திருக்கிறது என்று பொருள். அடுத்த ரிவியூவில் எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி, எலும்பைக் காக்கும் மருந்து மூன்றைப் பற்றியும் நீங்களே பேச்சை எடுங்கள். முறிந்த எலும்பைச் சேர்த்தாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாகும் நேரத்தில் விட்டுப்போவது இந்தச் சிகிச்சைதான்.